பழைய எஸ்டி 1100ஐ விற்றுவிட்டுப் புது டூரிங் பைக் எடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்டி 1100 இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத சாதாரண மாடல். 1,20,000 கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட பயணங்கள் போவோம், பெரும்பாலும் மனைவியும் பின்னால் இருப்பார். போன மாதம் நண்பர் ஒருவரின் யமஹா ட்ரேசர் 9 ஜிடியை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் தானாகவே திரும்புகிறது, பள்ளம் மேடு தெரியவில்லை, பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் நிற்கிறது. இறங்கியதிலிருந்து என் வண்டி லாரி மாதிரி தெரிகிறது. இன்னொரு பக்கம், 2014 மாடல் யமஹா எஃப்ஜேஆர் 1300 ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வந்திருக்கிறது. எனக்கு வயது 57. இடது முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை, வண்டியை நிறுத்தும்போது இரண்டு முறை சாய்த்துவிட்டேன். பழையதையே வைத்துக்கொள்வதா, எஃப்ஜேஆரா, புதிதாகவே எடுத்துவிடுவதா?

பதில்:

ட்ரேசரைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, வண்டியைச் சாய்த்ததைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்கள் கேள்விக்கு விடை சொல்லப்போகிறது. ஆனால் அதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். டூரிங் வண்டிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் இதே கதையை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். புது வண்டியை ஓட்டிப் பார்த்து, மயங்கி, பழையதை அவசரமாக விற்றுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே பழைய மாடலைத் தேடி அலைபவர்களும் அதில் உண்டு.

உங்கள் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை எப்போது மாற்றினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் நாற்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள் தன் வேலையில் பெரும்பகுதியை இழந்துவிடும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கை பழகிவிடும். முன் ஃபோர்க் ஸ்பிரிங்கும் அப்படித்தான், வருடக்கணக்கில் எடை தாங்கித் தாங்கித் தளர்ந்துபோயிருக்கும். ஸ்டியரிங் பேரிங்கில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தால், நேராகப் போகும்போது கூட வண்டி தயங்கித் தயங்கித் திரும்பும். இதையெல்லாம் சுமந்துகொண்டிருக்கும் வண்டியிலிருந்து இறங்கி, எல்லாமே புதிதாக இருக்கும் வண்டியில் ஏறினால் வேறு எப்படி இருக்கும்? நீங்கள் ஒப்பிட்டது 1998 மாடலையும் இன்றைய மாடலையும் அல்ல. தேய்ந்த வண்டியையும் தேயாத வண்டியையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

அதனால் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் நான் வண்டியின் குறைகளை இரண்டாகப் பிரிப்பேன். மாற்றினால் சரியாகிவிடுபவை ஒரு பக்கம், என்ன செய்தாலும் மாறாதவை இன்னொரு பக்கம்.

மாற்றக்கூடியவை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நல்ல ஷாக் ஒன்றைப் போட்டு, உங்கள் இருவரின் எடைக்கும் பெட்டிகளின் எடைக்கும் ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து, ஃபோர்க் ஸ்பிரிங், ஆயில், சீல் மூன்றையும் மாற்றினால், உங்கள் எஸ்டி 1100ஐ உங்களாலேயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. செலவும் புது வண்டி விலையில் ஒரு சிறு பகுதிதான். பிரேக்கில் ரப்பர் ஹோஸ்களை எடுத்துவிட்டு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்களை மாட்டுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், அந்த அழுத்தம் பேடுக்குப் போய்ச் சேராது. "ஒரு விரலில் நிற்கிறது" என்றீர்களே, அதில் நல்ல பங்கு இதனால்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1419 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது. தரையில் படும் கட்டை எவ்வளவு மீதம் இருந்தாலும், வயதான டயரில் ரப்பர் கெட்டித்துப்போய் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். வருடத்துக்கு இரண்டு மூன்று பயணம் மட்டும் போகிறவர்களின் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது. உங்கள் வண்டிக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. முன் சக்கரம் 18 அங்குலம், பின்னால் 17 அங்குலத்தில் 160/70. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் முன்னும் பின்னும் 17 அங்குலம்தான் என்பதால் டயர் கம்பெனிகளின் கவனமும் அங்கேதான். உங்களுக்கு டயர் கிடைக்கும், ஆனால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது.

அப்புறம் டைமிங் பெல்ட். எஸ்டி 1100இல் எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை ஓட்டுவது செயின் அல்ல, பெல்ட். கிலோமீட்டர் கணக்கில் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கலாம், ஆனால் ரப்பருக்கு வருடக் கணக்கும் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் இதைச் செய்துவிடுங்கள். நான்கு கார்புரேட்டர்களும் எஞ்சினின் இரு பக்க சிலிண்டர்களுக்கு நடுவே புதைந்து கிடப்பதால், அங்கிருக்கும் ரப்பர் குழாய்களையும் கூலன்ட் ஹோஸ்களையும் அதே சமயத்தில் பார்த்துவிடுவது நல்லது. திரும்ப ஒரு முறை அவ்வளவையும் பிரிக்க யாருக்கும் மனசு வராது.

நல்லவேளையாக உங்களுடையது 1998 மாடல். 1995 வரை வந்தவற்றில் வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 28 ஆம்பியர்தான். சூடேற்றும் கையுறை, ஜாக்கெட், கூடுதல் விளக்கு என்று மாட்டினால் திணறும், அதுவே சில வண்டிகளில் உயிரை விட்டும் இருக்கிறது. 1996 முதல் 40 ஆம்பியர். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

சரி, மாறாதவைக்கு வருவோம்.

முதலாவது ஏபிஎஸ். பழைய வண்டியில் இதைப் பின்னால் சேர்க்க முடியாது. நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது சாதாரண ஏபிஎஸ். மோட்டார் சைக்கிளில் அதை முதலில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, 1988இல், கே 100 வண்டியில். ஆனால் வளைவில் கதை வேறு. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். சாய்ந்து திரும்பும்போது அதில் பெரும்பகுதி திரும்புவதற்கே போய்விடுகிறது, பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்த நேரத்தில் பயந்துபோய் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும், இல்லையென்றால் வண்டி நிமிர்ந்து வளைவுக்கு வெளியே நேராக ஓடும். புதியவற்றில் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அது சொல்லும் கோணத்துக்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். பாஷ் நிறுவனத்தின் இந்த ஏற்பாடு கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் 2014 மாடலுக்கு வந்தது, பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். கடந்த பதினைந்து இருபது வருடங்களில் டூரிங் வண்டிகளில் வந்த மாற்றங்களில், காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வண்ணத் திரை, ஃபோனோடு இணைப்பு, ஐந்து விதமான ரைடிங் மோட் எல்லாம் இதற்கு அடுத்துத்தான். 2020 கடைசியில் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 கொண்டுவந்த ரேடார் குரூஸ் கன்ட்ரோலும் அப்படியே. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைத்துக்கொள்கிறது, நெடுஞ்சாலையில் வசதிதான். இல்லாவிட்டால் பயணம் கெட்டுப்போகாது.

புதியது என்றாலே இந்த வளைவு ஏபிஎஸ் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹோண்டா என்டி 1100 2022இல் வந்தபோது அதில் இல்லை, 2025 மாடலில்தான் சேர்த்தார்கள். நீங்கள் ஓட்டிய ட்ரேசர் 9 ஜிடியில் 2021 முதலே இருக்கிறது.

இரண்டாவது எடை. இங்கேதான் உங்கள் முழங்கால் வருகிறது.

உங்கள் எஸ்டி 1100 பெட்ரோல் நிரப்பி 300 கிலோவைத் தாண்டும். ட்ரேசர் 9 ஜிடி 220 கிலோ அளவில். வித்தியாசம் ஒரு பெரிய ஆளின் எடை. ஓடும்போது இந்த எடை அவ்வளவு தெரியாது, எஸ்டியில் சீட்டும் 800 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றும். ஆனால் வண்டி நின்றிருக்கும்போது, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது, சரிவில் பின்னால் தள்ளும்போது, மனைவி ஏறி இறங்கும்போது எல்லா எடையும் ஒரே காலில் வந்து இறங்குகிறது. பெரும்பாலும் இடது காலில். இரண்டு முறை சாய்ந்தும் பெரிய சேதம் இல்லாமல் இருந்திருந்தால், அதற்குக் காரணம் ஃபேரிங்குக்குள், அதாவது வண்டியை மூடியிருக்கும் உறைக்குள், மறைந்திருக்கும் பாதுகாப்புக் கம்பிகள். வண்டியைக் காப்பாற்ற ஹோண்டா யோசித்திருக்கிறது. அடியில் கால் மாட்டினால் காலைக் காப்பாற்ற எந்தக் கம்பியும் இல்லை. ஷாக்கை மாற்றலாம், டயரை மாற்றலாம், 80 கிலோவைக் குறைக்க வழி கிடையாது.

அதனால் எஃப்ஜேஆர் 1300ஐ நான் உடனே தள்ளிவிடுவேன். அருமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. 1298 சிசி, நான்கு சிலிண்டர், 25 லிட்டர் டேங்க், செயினுக்குப் பதில் தண்டு பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ், பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டு. 2013இல் குரூஸ் கன்ட்ரோலும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் வந்தன. முழங்கால் நன்றாக இருக்கும் நாற்பது வயதுக்காரர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன், ஐந்து கியர் போதாது என்பவராக இருந்தால் ஆறாவது கியர் வந்த 2016 மாடலாகப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அதுவும் 290 கிலோ. வளைவு ஏபிஎஸ்ஸும் இல்லை. பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் இருப்பதுபோல் தெரிகிறது, உங்களுக்கு மாறவேண்டிய எடை, வளைவு ஏபிஎஸ் என்ற இரண்டு விஷயத்தில் ஒன்றைக்கூட அது மாற்றவில்லை. கவாஸாகி 1400 ஜிடிஆர் போன்ற அந்தத் தலைமுறை வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஆக, புதியது எடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் எதை இழக்கப்போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

ஒன்று, தூரம். உங்கள் டேங்க் 28 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 470ஐத் தாண்டும். புதிய வண்டிகள் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் டேங்க் 18 முதல் 20 லிட்டர்தான். நிம்மதியாக 330, 350 கிலோமீட்டர், அதற்கு மேல் கண் பெட்ரோல் முள்ளிலேயே இருக்கும். உங்கள் வயதில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடப்பது முழங்காலுக்கு நல்லதுதான், ஆனால் எங்கே நிற்பது என்பதை இனிமேல் டேங்கும் சேர்ந்து முடிவு செய்யும்.

இரண்டு, செயின். இத்தனை வருடமாக ஷாஃப்ட் வண்டி ஓட்டியவருக்கு இது உறுத்தும். ஷாஃப்டில் பின் சக்கரத்தோடு இருக்கும் ஃபைனல் டிரைவின் ஆயிலை மாற்றுவதும், பின் டயர் கழற்றும்போது சக்கரத்தை அதோடு இணைக்கும் பற்களில் (ஸ்பிலைன்) கிரீஸ் வைப்பதும்தான் வேலை. செயின் என்றால் நீண்ட பயணத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பார்வை, ஸ்பிரே, அவ்வப்போது தளர்வு சரிபார்த்தல். மழையில் ஓடிய நாளென்றால் கட்டாயம். ஷாஃப்டும் வேண்டும், வளைவு ஏபிஎஸ்ஸும் வேண்டும் என்றால் பிஎம்டபிள்யூவின் ஆர்டி வரிசைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஆர் 1250 ஆர்டியும் 280 கிலோவை ஒட்டி நிற்கிறது. சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினில் எடை கீழே இருப்பதால் அவ்வளவு தெரியாது என்பார்கள், உண்மைதான். தள்ளிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

மூன்று, காற்று. எஸ்டியின் அகலமான ஃபேரிங் கை, முழங்கால், பாதம் வரை மறைக்கும். இப்போது வருபவை ஒல்லியானவை, நிமிர்ந்து உட்காருகிற அமைப்பு. விண்ட்ஷீல்டு உயரமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் அதன் மேல் விளிம்பில் சுழன்று வரும் காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து அடித்தால் மூன்று மணி நேரத்தில் தலை வலிக்கும். அரை மணி நேர ஓட்டத்தில், அதுவும் ஊருக்குள், இது தெரியாது.

எந்த வண்டி என்று கேட்டால், ட்ரேசரோடு நிறுத்தாமல் 2025 அல்லது அதற்குப் பிந்தைய என்டி 1100ஐயும் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால் அதுவும் 1084 சிசி, உங்கள் எஸ்டி 1100ம் 1084 சிசி. சக்தியும் இரண்டிலும் ஏறக்குறைய 100 குதிரை. நான்கு சிலிண்டருக்குப் பதில் இரண்டு, ஷாஃப்டுக்குப் பதில் செயின். எடை மட்டும் 240 கிலோவை ஒட்டி. உங்கள் முழங்காலுக்கு அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டிசிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள மாடலில் கிளட்ச் லீவரும் இல்லை, கியர் பெடலும் இல்லை. பத்து கிலோ கூடும், ஆனால் நெரிசலில் இடது கால் தரையில் ஊன்றுவதற்கு மட்டும் மிஞ்சும். யமஹாவும் 2025 ட்ரேசர் 9 வரிசையில் ஒய்-ஏஎம்டி என்று இதே வசதியைக் கொடுத்திருக்கிறது. ஓட்டும் சுகம் என்று பார்த்தால் ட்ரேசரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு படி மேல், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் இருவராகப் போகிறவர்கள், அந்தக் கணக்கில் எனக்கு என்டி தான் முன்னால் நிற்கிறது.

ஆனால் எடை குறைந்தது என்பதற்காக விழாது என்று அர்த்தமில்லை. என்டி 1100இன் சீட் 820 மில்லிமீட்டர். ட்ரேசரில் சீட்டை இரண்டு உயரத்தில் வைக்கலாம், எத்தனை மில்லிமீட்டர் என்பது வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது, அதுவும் எஸ்டியைவிட உயரம்தான். இலகுவான வண்டியில் கால் எட்டாமல் நிற்பதும், கனமான வண்டியில் கால் முழுதும் ஊன்றி நிற்பதும் முழங்காலுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஷோரூமில் செருப்போடு ஏறிப் பார்க்காதீர்கள். பயணத்துக்குப் போடும் பூட்ஸோடு போங்கள். பெட்டிகளில் எதையாவது நிரப்பச் சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, மூன்று மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத இடத்தில் வாங்க வேண்டாம்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் "பின்னால் இருப்பார்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவருக்கு எஸ்டியில் கிடைக்கும் அகலமான சீட்டும் முழங்கால் மடங்கும் கோணமும் புதியவற்றில் அப்படியே கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் பக்கம் சாய்ந்த வண்டிகளில் பின்சீட் உயரமாகவும் குட்டையாகவும் இருக்கும், கால் வைக்கும் இடம் மேலே ஏறியிருக்கும். அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். இன்னொரு கணக்கும் போட வேண்டும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் எவ்வளவு சுமக்கலாம் என்பது வரும். இருவரின் எடை, உடை, ஹெல்மெட், பெட்டிகள், உள்ளே இருப்பவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சில வண்டிகளில் இது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. மேல்பெட்டிக்குத் தனி வரம்பும் இருக்கும்.

எவ்வளவு காலம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். ஒரு வண்டியை இத்தனை வருடம் வைத்திருக்கிறவர் நீங்கள். எலக்ட்ரானிக் முறையில் தானே சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் இன்று அற்புதமாக இருக்கிறது. பதினைந்து வருடம் கழித்து அது பழுதானால், உங்கள் எஸ்டியின் ஷாக்கைப் போல எந்தப் பட்டறையிலும் மாற்றிக் கொடுத்துவிட முடியாது, அந்தப் பாகம் கிடைக்குமா என்பதே கேள்வி. ஏழெட்டு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்றால் தாராளமாக எடுங்கள். இன்னும் இருபது வருடம் என்றால் கையால் திருகிச் சரிசெய்யும் சாதாரண சஸ்பென்ஷன் உள்ள மாடலே மேல். என்டி 1100இல் இரண்டு வகையும் வருகிறது.

எஸ்டிக்குப் புது ஷாக் போட வேண்டுமா? முழங்கால்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டால் வேண்டாம், விற்கும்போது அந்தச் செலவு திரும்பி வராது. பெல்ட்டை மட்டும் மாற்றி பில்லோடு கொடுங்கள். விற்க மனசு வரவில்லை என்றால் ஷாக்கைப் போட்டுத் தனியாகப் போகும் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாய்ந்த இரண்டு முறையும் மனைவி வண்டியில் இருந்தாரா என்பதை நினைவில் கொண்டுவந்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

புது வண்டி வரும் வரைக்கும் இரண்டு விஷயம். டேங்கை எப்போதும் முழுதாக நிரப்பாதீர்கள். 28 லிட்டர் பெட்ரோல் 21 கிலோ வரும், பாதி டேங்கில் போனால் பத்து கிலோ அங்கேயே குறைந்துவிடும். நிறுத்தும்போது வண்டியின் முன்பக்கம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும், கிளம்பும்போது பின்னால் இழுக்க வேண்டியிருக்காது, தானாக உருண்டு வரும். மனைவியை ஏற்றுவதும் இறக்குவதும் சமதளத்தில் மட்டும், கியரில் போட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு.